இரண்டு காதும் சேர்ந்து மங்கும்போது: வயிற்றுப் புற்றுநோய் உள்ளவரின் வீட்டாருக்கு

வயிற்றுப் புற்றுநோய் உள்ள ஒருவருக்கு இரண்டு காதும் சில நாட்களிலோ ஓரிரு வாரங்களிலோ மங்கிப் போனால், காரணத்தைக் காதுக்குள் மட்டும் தேடக் கூடாது. டாக்டர் விளக்கடித்துப் பார்ப்பார். சவ்வு நன்றாக இருக்கும், சீழ் இருக்காது, குறும்பி இருக்காது. ஆனாலும் கேட்காது. அப்படியானால் புற்று மூளை உறைக்குப் பரவி, செவி நரம்பின் மேல் படிந்திருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். இது அரிதான நிலை. வயிற்றுப் புற்றுநோய்க்காரர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே இப்படிப் பரவுகிறது. அரிது என்பதாலேயே முதலில் யாருக்கும் இது நினைவுக்கு வருவதில்லை. காதுச் சொட்டு மருந்தில் கழிகிற அந்த நாட்கள், அவர் காதால் கேட்டுப் பேசக்கூடிய கடைசி நாட்களாக இருக்கக்கூடும்.

நம் ராமநாதபுரம் கடற்கரையில் இது இன்னும் எளிதாக மறைந்துவிடுகிறது. காது மந்தம் என்றாலே இங்கே கடலைக் கைகாட்டிவிடுவார்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சங்கு குளிப்பவர்கள், சின்னப்பாலம், ஏர்வாடி பக்கம் பாசி எடுக்க முங்கும் பெண்கள், விசைப்படகில் என்ஜினுக்குப் பக்கத்திலேயே வருஷக்கணக்கில் நின்றவர்கள் என்று காது கெட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அதனால் புதிதாக ஒருவருக்கு மங்கினாலும் “கடல் தண்ணி ஏறியிருக்கும், காது அடைச்சிருக்கும்” என்று பேச்சு முடிந்துவிடுகிறது.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: எத்தனை நாளில் மங்கியது? என்ஜின் சத்தத்தால் வருவது பல வருஷமாக, மெல்ல மெல்ல வரும். சோதனை வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் விழுந்திருக்கும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் ஓரளவு புரிந்துகொள்வார். முங்கியதால் வருவது முங்கிய அன்றே தெரியும்: காதில் குத்தல், அடைப்பு, சிலருக்கு ரத்தக் கசிவு, அதுவும் பெரும்பாலும் ஒரு பக்கம். (முங்கி எழுந்த உடனே ஒரு காது முழுதாகக் கேட்காமல் போய்த் தலை சுற்றினால் உட்காதில் அடி பட்டிருக்கலாம். அதுவும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டிய விஷயம்தான்.) புற்று பரவியதால் வருவது நாள் கணக்கில் ஏறும். இந்த வாரம் இடது காது, அடுத்த வாரம் வலது காது, கூடவே இரைச்சல், கிறுகிறுப்பு. காதில் வலி இருக்காது.

இன்னொரு மறைப்பு போன். பிள்ளைகள் துபாயிலோ சவுதியிலோ இருக்கிற வீடுகளில் கேள்விக் குறைவு, அதாவது காது கேட்கும் திறன் குறைவது, முதலில் தெரிவது போன் பேச்சில்தான். “டவர் இல்லத்தா, அப்பறம் பேசு” என்று வைத்துவிடுவார். நாலு நாள் தொடர்ந்து இப்படிச் சொன்னால் டவரைச் சந்தேகப்படாதீர்கள். போனை மற்றக் காதுக்கு மாற்றச் சொல்லிப் பாருங்கள். அதே நேரத்தில் வீட்டில் இன்னொருவர் அதே போனில் பேசிப் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைதான் பல வீடுகளில் இதை முதலில் கவனிக்கிறது. அந்தப் பிள்ளை சொன்னால் வீட்டில் இருப்பவர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

“தடைக்காலம் வரட்டும், ஏப்ரல் 15-க்கு மேல போயி பாத்துக்கலாம்” என்று மீன்பிடித் தடைக்காலம் வரை மருத்துவத்தைத் தள்ளிப்போடும் வழக்கம் தொழிலுக்குப் போகிறவர்களிடம் உண்டு. குடலிறக்கம், மூட்டு வலி போன்றவற்றில் சிலவற்றை அப்படித் தள்ள முடியும். இதை ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது. காதும் கேட்காமல் நிலையும் தடுமாறும் ஒருவரைப் படகில் ஏற்றவும் கூடாது. அலையில் படகு ஆடும்போது அவரால் நிற்க முடியாது, பின்னால் இருந்து கத்தினாலும் அவருக்குத் தெரியாது.

உள்ளே என்ன நடக்கிறது

மூளையையும் தண்டுவடத்தையும் மூன்று உறைகள் மூடியிருக்கின்றன. உள்ளே இருக்கும் இரண்டு மெல்லிய உறைகளுக்கு நடுவில் ஒரு தெளிந்த நீர் ஓடுகிறது. பெரியவர்களுக்கு ஒரு நேரத்தில் 150 மி.லி. அளவு இருக்கும், ஒரு நாளில் 500 மி.லி. வரை புதிதாக ஊறிப் பழையது வடிந்துவிடும். வயிற்றில் இருந்து கிளம்பும் புற்றணுக்கள் ரத்தம் வழியாகவோ நரம்புகளை ஒட்டியோ இந்த நீருக்குள் வந்துவிட்டால், நீர் போகும் இடமெல்லாம் அவையும் போகும். மூளையின் அடிப்பக்கத்தில் இருந்து புறப்படும் 12 ஜோடி நரம்புகளும் இந்த நீரில்தான் கிடக்கின்றன. நெடுநாள் கடலில் கிடந்த வலைக் கயிற்றில் பாசி பிடிப்பதுபோல் அணுக்கள் நரம்பின் மேல் படிகின்றன, பிறகு உள்ளேயும் ஊடுருவுகின்றன.

எட்டாவது ஜோடிதான் செவி நரம்பு. கேள்வியும் உடம்பின் நிலையும் இரண்டும் இதன் வேலை. காதெலும்புக்குள் ஒரு குறுகிய கால்வாய் வழியாக இது போகிறது. முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பும் அதே கால்வாயில் பக்கத்திலேயே போகிறது. அதனால்தான் காது மங்கிய சில நாட்களில் வாய் ஒரு பக்கம் கோணுவதும், கண் மூடாமல் போவதும் சேர்ந்து வருகின்றன. நீர் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சுற்றுவதால் இரண்டு காதும் அடுத்தடுத்துப் பாதிக்கப்படுகின்றன.

வயிற்றுப் புற்றில் எல்லா வகையும் ஒன்று போல இல்லை. பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘முத்திரை மோதிர வடிவ அணு’ (signet ring cell), ‘முதிர்ச்சி குறைந்த அடினோகார்சினோமா’ (poorly differentiated adenocarcinoma) என்கிற பொருளில் எழுதியிருந்தால், உறைக்குப் பரவும் வாய்ப்பு மற்ற வகைகளைவிடக் கூடுதல். அந்த ஒரு தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள்.

இன்னும் கடினமான ஒரு நிலை உண்டு. சிலருக்கு வயிற்றில் புற்று இருப்பதே தெரியாது. காது மங்குவதுதான் முதல் அறிகுறியாக வரும். அவர்களைக் கிளறிக் கேட்டால் வயிற்றுக் கதை வெளியே வரும்: நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது, சட்டை தளர்ந்துவிட்டது, மலம் கறுப்பாகப் போகிறது, ரத்தம் குறைந்துவிட்டது, வெகுநாளாக ‘கேஸ்’ மாத்திரை ஓடுகிறது. இப்படி இருந்தால் எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் சோதனை, தேவை. வயிற்றுச் சுவர் முழுக்கத் தடித்துப் பரவும் வகையில் மேல்தோல் சாதாரணமாகத் தெரியலாம். மேலோட்டமாக எடுத்த துணுக்கில் புற்று தெரியாமல் போகலாம். வயிறு காற்றடைத்தும் விரியவில்லை என்று டாக்டர் எழுதியிருந்தால், பல இடத்தில் ஆழமாகத் துணுக்கு எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

வீட்டில் பார்க்கக்கூடியது

ஒரு காதை விரலால் அழுத்தி மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். மற்றக் காதுக்கு ஒரு முழ தூரத்தில், வாய் அவர் கண்ணுக்குத் தெரியாதபடி பின்னால் நின்று, நாலைந்து சொற்களை மெதுவான குரலில் சொல்லுங்கள். திருப்பிச் சொல்லட்டும். அடுத்த காதுக்கும் அதேபோல். சொற்களை மாற்றுங்கள், மனப்பாடமாகிவிட்டால் பயனில்லை. ஒரு நோட்டில் தேதி போட்டு எத்தனை சொல் சரி என்று எழுதுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இப்படிச் செய்தால் மங்கும் வேகம் தெரிந்துவிடும். டாக்டரிடம் “ரொம்ப நாளா கேக்கல சார்” என்பதைவிட இந்த நோட்டு பத்து மடங்கு உதவும்.

கேள்வி ஒரு பக்கம் மட்டும் குறைந்திருந்தால், வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகச் சொல்லுங்கள். கேட்காத காதில் முனகல் பலமாகத் தெரிந்தால் அடைப்போ நடுக்காதுக் கோளாறோ இருக்கலாம். கேட்கிற காதில் பலமாகத் தெரிந்தால் உட்காது அல்லது நரம்பு. இரண்டு காதும் ஒரே அளவு மங்கியிருந்தால் இது பலிக்காது.

அவர் சொல்லும் வார்த்தையையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். “சத்தம் கேக்குது, என்ன பேசுறீகன்னு வெளங்கல” என்றால் அது நரம்புக் கோளாறின் பேச்சு. ஒலி உள்ளே போகிறது, சொல்லாகப் பிரியவில்லை. இவர்களிடம் எவ்வளவு கத்தினாலும் இரைச்சல்தான் கூடும். கேட்கும் கருவி மாட்டினாலும் பெரிய பயன் இருக்காது. கருவிக்குக் கடன் வாங்குவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காது டாக்டரிடம் வயிற்றைச் சொல்லுங்கள்

கோளாறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. காது டாக்டரிடம் போகிறவர்கள் காதை மட்டும் சொல்கிறார்கள். புற்றுநோய் டாக்டரிடம் போகும்போது வயிறு, ரத்தம், அடுத்த ஊசி என்று பேசிவிட்டு, காதைச் சொல்லாமல் வந்துவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் வாய்ப்பு கிடைப்பதில்லை. சீட்டு போடும்போதே முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: “இவுகளுக்கு வயித்துல கேன்சர். பத்து நாளா ரெண்டு காதும் கேக்கல. நரம்புல பரவியிருக்குமான்னு பாக்கணும் சார்.” டாக்டருக்கே சொல்லிக்கொடுப்பதா என்று தயங்க வேண்டாம். கூட்டமான ஓ.பி.யில் அந்த மூன்று வாக்கியம்தான் வழியை மாற்றும்.

512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வைத்துப் பார்ப்பார்கள். அதிலேயே அடைப்பா நரம்பா என்று ஓரளவு பிரிந்துவிடும். பிறகு காது கேட்கும் அளவை வரைபடமாகக் காட்டும் ஆடியோகிராம். மூன்று நாளுக்குள், அடுத்தடுத்த மூன்று அலைவரிசைகளில் 30 டெசிபல் குறைந்திருந்தால் அதைத் திடீர்க் கேள்வி இழப்பு என்று கணக்கில் எடுப்பார்கள். சத்தம் கேட்கும் அளவைவிடச் சொல் புரியும் அளவு மிகவும் கீழே இருந்தால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். வசதி உள்ள இடத்தில் ஓ.ஏ.இ., பெரா என்று இரண்டு சோதனை செய்வார்கள். முதலாவது உட்காதின் அணுக்கள் வேலை செய்கின்றனவா என்று காட்டும், இரண்டாவது அங்கிருந்து மூளை வரை செய்தி போகிறதா என்று காட்டும். முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது கெட்டிருந்தால் கோளாறு நரம்பில்தான்.

திடீர்க் கேள்வி இழப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பது வழக்கம்; கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அது வீக்கத்தைக் குறைத்துத் தலைவலியையும் தணித்துவிடும். இரண்டு நாள் தெம்பாக எழுந்து உட்கார்ந்தார் என்பதை வைத்து ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

வேறு காரணங்களையும் விட்டுவிடக் கூடாது. சில குணப்படுத்தக் கூடியவை. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து ஏற்றியவர்களுக்குக் காது கெடலாம். அது கீச்சுக் குரல், பறவைச் சத்தம் போன்ற உயர்ந்த ஒலிகளில் தொடங்கும், இரண்டு காதும் ஒரே அளவாக, ஊசி ஏற ஏறக் கூடும், இரைச்சலோடு வரும். அதே இனத்து மருந்தான ஆக்ஸாலிபிளாட்டினில் இது அபூர்வம். அதற்குக் கைகால் மரமரப்பும் குளிர்ந்த தண்ணீர் தொட்டால் சுரீர் என்பதும்தான் வழக்கம். கிருமியைக் கொல்லும் அமிக்காசின், ஜென்டாமைசின் ஊசிகளும், சிறுநீர் போகக் கொடுக்கும் ஃபுரோஸமைடை ரத்தக் குழாயில் வேகமாக ஏற்றுவதும் காதைக் கெடுக்கலாம். டிஸ்சார்ஜ் தாள்களை எல்லாம் எடுத்துப்போக வேண்டியது இதற்காகத்தான். காசநோய் மூளை உறையில் வந்தாலும் இதே மாதிரித் தலைவலி, வாந்தி, நரம்பு மங்கல் வரும். மூளையைச் சுற்றி ஓடும் அந்த நீரை முதுகில் ஊசி போட்டு எடுத்துப் பார்ப்பார்கள்; அந்த முதுகு நீரின் சர்க்கரையும் புரதமும்கூட ஒரே மாதிரி இருக்கும். அதற்கு மருந்து உண்டு, அதனால் அதே நீரில் காசநோய்ச் சோதனையும் கேட்க வேண்டும்.

ஸ்கேனும் முதுகு நீரும்

சாதாரண சி.டி. ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்பதால் நிம்மதி கொள்ளக் கூடாது. உறையில் படிந்த மெல்லிய புற்று அதில் பெரும்பாலும் தெரியாது. தேவை, மருந்து ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ.; மூளையோடு தண்டுவடத்தையும் சேர்த்து, செவி நரம்புக் கால்வாய்களை மெல்லிய வெட்டுகளாக. இரண்டு கால்வாயும் மருந்து ஏறிப் பளிச்சென்று தெரிந்தால் அது பெரிய துப்பு. மருந்து ஏற்றுவதற்கு முன், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தச் சோதனை பார்ப்பார்கள். வாந்தியில் உடம்பு வற்றியிருந்தால் அது கூடியிருக்கும். முந்தைய நாளே ரத்தம் கொடுத்து முடிவைக் கையில் வைத்திருந்தால் மதுரை வரை போய்த் திரும்பி வரும் அலைச்சல் மிச்சமாகும்.

எம்.ஆர்.ஐ. முதலில், முதுகு நீர் பிறகு. நீர் எடுத்த பின் ஸ்கேன் எடுத்தால் உறை தன்னாலேயே பளிச்சிட்டு டாக்டரைக் குழப்பலாம். மூளையில் கட்டி அழுத்திக்கொண்டிருந்தால் முதுகில் ஊசி போடுவது ஆபத்து; அதற்காகவும் ஸ்கேன் முன்னால் வர வேண்டும். ரத்தத் தட்டணுக்கள் 50,000-க்குக் கீழே இருந்தாலோ ரத்தம் உறையாமல் இருக்க மருந்து ஓடினாலோ சொல்லிவிட வேண்டும்.

“முதுகுல தண்ணி எடுத்தா கால் விழுந்துரும்” என்ற பயம் நம் ஊர்களில் வேரோடிக் கிடக்கிறது. இடுப்புப் பகுதி முள்ளெலும்புகள் ஐந்தில் முதல் இரண்டின் உயரத்திலேயே தண்டுவடம் முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது மூன்றுக்கும் நாலுக்கும், அல்லது நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில். அங்கே நீரில் மிதக்கும் நரம்பு இழைகள்தான் இருக்கின்றன. ஒருக்களித்துப் படுத்து முழங்காலை வயிற்றோடு மடக்க வேண்டும். கேட்காதவருக்கு “அசையாதீங்க” என்று பின்னால் இருந்து சொல்லி என்ன பயன்? முன்னால் ஒருவர் முகம் தெரிய உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளட்டும். அழுத்தினால் ‘அசையாதே’, விட்டால் ‘முடிந்தது’ என்று முன்கூட்டியே பேசிவையுங்கள்.

புற்றணு பார்க்க 10 மி.லி.யாவது வேண்டும், எடுத்த உடனே லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். மத்தியானம் எடுத்து ராத்திரி முழுக்க வைத்திருந்தால் அணுக்கள் சிதைந்துவிடும். காலையில், அதுவும் லேபில் ஆள் இருக்கும் நாளில் எடுக்கக் கேளுங்கள். புரதம் 100 மி.லி.யில் 45 மி.கி.க்கு மேல், சர்க்கரை ரத்தச் சர்க்கரையில் பாதிக்கும் கீழ், அழுத்தம் 20 செ.மீ.க்கு மேல் என்று வந்தால் சந்தேகம் பலப்படும். முதல் தடவையில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான் புற்றணு தெரியும். இல்லை என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. இரண்டாவது தடவை எடுத்தால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு நன்றாகக் கூடுகிறது. எடுத்த பிறகு எழுந்து உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் குறைகிறது என்றால் அது ஊசித் துளையால் வருவது. படுக்கையும் நிறைய நீராகாரமும் போதும், நீடித்தால் சொல்ல வேண்டும்.

மருத்துவம் எவ்வளவு தரும்

நேராகச் சொல்ல வேண்டும். மருத்துவம் இல்லாமல் விட்டால் நாலு முதல் ஆறு வாரம் என்பதுதான் பொதுவான கணக்கு. மருத்துவத்தில் சிலருக்குச் சில மாதங்கள் கிடைக்கின்றன. போன கேள்வி திரும்புவது அபூர்வம். சீக்கிரம் தொடங்கினால் சிலருக்கு ஓரளவு மீளும், மிச்சம் இருப்பது நிற்கும்.

டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு முதலில் வரும். காலையிலும் மத்தியானத்துக்குள்ளும் கொடுத்துவிட வேண்டும், சாயங்காலம் கொடுத்தால் தூக்கம் போய்விடும். சாப்பாட்டுக்குப் பிறகு, இரைப்பையைக் காக்கும் மாத்திரையோடு. ரத்தச் சர்க்கரை ஏறும், வாயில் வெள்ளைப் படலம் வரும். இரண்டையும் பார்த்துக்கொண்டே இருங்கள். திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்றவற்றைக் கடையில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது. புண்ணான வயிறு, கூடவே ஸ்டீராய்டு, ரத்தம் கக்கிவிடும்.

அதற்கு மேல் கதிர்வீச்சு. தலைக்கு முழுதாகக் கொடுத்தால் 30 கிரே (கதிர்வீச்சின் அளவு), பத்துத் தடவையாகப் பிரித்துக் கொடுப்பது வழக்கமான முறை. இன்னொன்று, முதுகு வழியாகவோ தலைத்தோலுக்கு அடியில் வைக்கும் சிறு குமிழ் வழியாகவோ அந்த நீருக்குள்ளேயே மெத்தோட்ரெக்ஸேட் என்ற புற்றுநோய் மருந்தைச் செலுத்துவது, ஆரம்பத்தில் வாரம் இரண்டு தடவை. எழுந்து நடமாடக்கூடிய, வயிற்று நோய் ஓரளவு கட்டுக்குள் இருக்கிற ஒருவருக்கு இது பயன் தரலாம். படுக்கையோடு இருப்பவரை இதற்காக வாரம் இரண்டு முறை வெளியூருக்குத் தூக்கிப்போவது எங்கள் கருத்தில் சரியில்லை. டாக்டரிடம் “இதைச் செஞ்சா இவுக எத்தன நாள் வீட்டுல, எத்தன நாள் ஆஸ்பத்திரில இருப்பாக?” என்று கேளுங்கள். பதிலை வைத்து முடிவெடுங்கள்.

பயணக் கணக்கும் இதில் சேரும். ராமேஸ்வரத்தில் இருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 55 கிலோமீட்டர் அளவு. அங்கிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு இன்னும் 115 கிலோமீட்டர் அளவு. தலையில் அழுத்தம் உள்ளவரைத் தட்டையாகப் படுக்கவைத்துக் கூட்டிப்போகாதீர்கள். தலை 30 டிகிரி உயர்ந்திருக்கட்டும், வாந்திக்குப் பை கையில் இருக்கட்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய வருமானச் சான்று மூன்றோடு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் மையத்துக்குப் போக வேண்டும். ஒருவர் நோயாளியோடு இருக்கட்டும், இன்னொருவர் அதே நாளில் அந்த வேலையைப் பார்க்கட்டும்.

கேட்காதவரோடு பேசுவது

மருந்தைவிட இதற்குத்தான் வீட்டில் அதிக வேலை இருக்கிறது. கொஞ்சம் கேட்கும்போதே ஏற்பாட்டைச் செய்துவிட வேண்டும். முழுக்கப் போன பிறகு புதிய சைகை கற்றுக்கொடுப்பது கஷ்டம்; அதற்குள் அவர் களைத்துவிடுவார்.

வலி, தண்ணீர், சிறுநீர், வாந்தி, மூச்சு, புரட்டிப் படுக்கவை, விளக்கை அணை, இவ்வளவுக்கும் ஒவ்வொரு கைச்சைகை பேசி வையுங்கள். வலிக்கு விரல் கணக்கு: ஒரு விரல் என்றால் தாங்கலாம், ஐந்து என்றால் தாங்க முடியவில்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சைகை; மருமகளுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று என்றால் அவர் தடுமாறுவார். நேரம் தெரிய எதிர்ச் சுவரில் பெரிய கடிகாரம் மாட்டுங்கள். பாங்கோ கோயில் மணியோ கேட்காமல் போனது பலரைக் காதுக் குறையைவிட அதிகம் வருத்துகிறது. தொழுகை நேரத்தை, பூசை நேரத்தைத் தொட்டுச் சொல்ல ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்.

படிக்கத் தெரிந்தவருக்கு வெள்ளைப் பலகையும் தடித்த கறுப்பு மார்க்கரும். ஒரு வரியில் நாலு சொல்லுக்கு மேல் வேண்டாம். பார்வை இரட்டையாகத் தெரிகிறது என்றால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கட்டும். ஆண்ட்ராய்டு போனில் ‘லைவ் ட்ரான்ஸ்கிரைப்’ செயலியில் தமிழை வைத்து எழுத்தைப் பெரிதாக்கினால், எதிரே பேசுவது திரையில் எழுத்தாக ஓடும். நம் கடற்கரைப் பேச்சை அது அடிக்கடி தப்பாக எழுதும். கொஞ்சம் நிதானமாக, ஏட்டுத் தமிழை ஒட்டிப் பேசினால் தேறும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதை நிறுத்திவிட்டு வீடியோ காலில் முகம் காட்டிக்கொண்டே எழுதி அனுப்பட்டும். தமிழ் வாசிக்கத் தெரியாமல் அரபுத்தமிழ் எழுத்து மட்டும் தெரிந்த முதியவர் இருந்தால் அதிலேயே எழுதுங்கள். எந்த எழுத்தும் தெரியாதவருக்குப் படம். டம்ளர், மாத்திரை, கட்டில், மகன் மகள் போட்டோ எல்லாம் ஒரு அட்டையில் ஒட்டிவைத்தால் விரல் வைத்துக் காட்டுவார்.

பின்னால் இருந்து வந்து தொடாதீர்கள். கண்ணில் படும்படி வந்து, தோளைத் தொட்டு, பிறகு பேசுங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும், சன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது.

ஆஸ்பத்திரியில் கட்டிலின் தலைமாட்டில் “காது கேட்காது. எழுதிக் காட்டவும்” என்று எழுதி ஒட்டுங்கள். ராத்திரி ட்யூட்டிக்கு வருபவர் “பேர் என்ன, இன்னிக்கு என்ன கிழமை” என்று கேட்பார், பதில் வராது, ‘நினைவு தெளிவில்லை’ என்று கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். அப்புறம் எல்லா முடிவும் அவரைக் கேட்காமலே நடக்கும். புத்தி தெளிவாக இருக்கிற ஒருவருக்கு இதைவிடக் கொடுமை இல்லை.

அவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில் அவர் முன்னாலேயே நோயைப் பற்றிப் பேசாதீர்கள். அவருக்குக் கண் இருக்கிறது. டாக்டர் உதட்டைப் பிதுக்குவதையும் மகள் அழுவதையும் பார்க்கிறார், ஆனால் என்ன என்று தெரியவில்லை. உண்மையைச் சொல்வதா மறைப்பதா என்று ஒவ்வொரு வீட்டிலும் வாதம் நடக்கிறது. எழுதித்தான் பேச வேண்டும் என்று ஆன பிறகு மழுப்ப முடியாது. பலகையில் பொய் எழுத யாருக்கும் கை வராது. காது கேட்கும்போதே, அவர் நம்புகிற ஒருவர் உட்கார்ந்து, “கேன்சர் நரம்புக்கு வந்துருச்சு, காது இன்னும் மங்கும்” என்று சொல்லிவிடுவது நல்லது. படகு யார் பெயருக்கு, கடன் யாரிடம், எங்கே அடக்கம், யாரைப் பார்க்க ஆசை, எல்லாம் அவர் வாயால் சொல்ல அப்போதுதான் நேரம் இருக்கும்.

மற்ற நரம்புகள்

கண் மூடாவிட்டால் பகலில் இரண்டு மணிக்கு ஒரு தடவை கண்ணீர் சொட்டு, ராத்திரி களிம்பு போட்டு இமையை மெதுவாக ஒட்டும் டேப். கடற்காற்றும் மணலும் உள்ள வீட்டில் ஒரு நாள் விட்டாலும் கருவிழி புண்ணாகிவிடும். விழுங்கும்போது புரை ஏறினால் வெறும் தண்ணீரைவிடக் கெட்டியான நொய்க் கஞ்சி பாதுகாப்பு. நிமிர்த்தி உட்காரவைத்து, நாடியைத் தாழ்த்தி, சிறு கரண்டியால். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் படுக்கவைக்காதீர்கள்.

வாந்தி வயிற்றாலா தலையாலா என்று பிரித்துச் சொன்னால் டாக்டருக்கு உதவும். சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்துப் பழைய சோறாகவே வந்தால் இரைப்பையின் வாய் அடைத்திருக்கும். விடியற்காலையில், எழுந்த உடனே தலைவலியோடு குமட்டல்கூட இல்லாமல் பீய்ச்சி வந்தால் தலை அழுத்தம். எழுந்து நின்றவுடன் தலைவலி பாய்ந்து கண் இருண்டு விழுவதும் அழுத்தத்தால் இருக்கலாம். தனியாக எழுந்திருக்க விடாதீர்கள், ராத்திரி கழிப்பறை வழியில் விளக்கு எரியட்டும். நிலை காக்கும் நரம்பு போனவர்களுக்கு இருட்டில் கண்ணும் உதவாது.

எட்டு மணி நேரம் சிறுநீர் போகாமல் அடிவயிறு புடைத்தாலோ, கால் இரண்டும் தளர்ந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைப்பது மட்டும். வாயில் கரண்டி, கையில் இரும்பு எதுவும் வேண்டாம்.

வீட்டோடு வைத்துப் பார்ப்பது என்று முடிவானால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்க்கும் வலிதணிப்பு நர்ஸ் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள், வழி தெரியாவிட்டால் 104 மருத்துவ உதவி எண்ணில் கேளுங்கள். வலி கூடியவர்களுக்கு மார்ஃபின் மாத்திரை தேவைப்படும். அது எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது, அனுமதி பெற்ற மருத்துவமனையில் இருந்துதான் வர வேண்டும். அதனால் ஒரு வாரத்து மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்த சீட்டுக்குக் கிளம்புங்கள். மழைக்காலத்தில், புயல் கூண்டு ஏறிய நாட்களில் இரண்டு வார இருப்பு வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். மார்ஃபின் தொடங்கிய அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும், கட்டிக்கொண்ட பிறகு அல்ல. வேளை தவறாமல் கொடுங்கள். கேட்காத ஒருவர் ராத்திரி வலியில் யாரையும் கூப்பிட்டுச் சொல்லமாட்டார். கூப்பிட்டாலும் நீங்கள் எழுந்தீர்களா என்று அவருக்குத் தெரியாது. கைக்கு எட்டும் இடத்தில் ஒரு மணியைக் கட்டிவிட்டு, மணி அடித்தால் முதலில் விளக்கைப் போடுங்கள்.